தோலைப் பார்த்தவர்கள் வயிற்றைப் பார்க்கவில்லை

நியூரோஃபைப்ரோமாடோசிஸ் இருப்பவருக்கு மஞ்சள் காமாலை வந்தால், தண்ணீர் சரியில்லை, வெளிச்சாப்பாடு சரியில்லை என்று பேசிக்கொண்டு பத்தியத்தில் உட்கார வைக்காதீர்கள். பித்தநீர் இறங்கும் வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வீட்டில் இப்போதே கண் மஞ்சளித்த ஆள் இருந்தால் மேலே படிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றவர்கள் உட்காருங்கள், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் டாக்டர் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவள். இந்த நோய் என் அண்ணனுக்கு. அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததிலும், பார்த்த டாக்டர்களையெல்லாம் கேள்வி கேட்டுக் குடைந்ததிலும், ராத்திரியில் உட்கார்ந்து படித்ததிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதற்கு மாற்றாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் நாங்கள் 'என்.எஃப்.' என்றுதான் சொல்வோம். இதில் முதல் வகை, என்.எஃப். 1, ஏறத்தாழ 3000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு நடுத்தர ஊரிலேயே பத்திருபது பேர் இருப்பார்கள். 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில் கோளாறு. அந்த மரபணுவை 1990-இல் அடையாளம் கண்டார்கள். செல்கள் தேவைக்கு மேல் பெருகாமல் அடக்கி வைக்கும் நியூரோஃபைப்ரோமின் என்ற புரதத்தை அதுதான் தருகிறது. அது குறைந்தால் நரம்பைச் சுற்றியுள்ள உறையில் கட்டிகள் கிளம்புகின்றன. நோயாளிகளில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா யாரோ ஒருவரிடமிருந்து வருகிறது. மீதிப் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகக் கிளம்புகிறது. அண்ணன் இந்த இரண்டாவது வகை. "கிரகணத்தன்னிக்கு வாசல்ல வந்து நின்னேனே" என்று அம்மா கடைசி வரை தன்னையே நொந்துகொண்டிருந்தார். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

உடம்பில் பால் காபி நிறத்தில் தட்டையான புள்ளிகள். பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல், வயதுக்கு வராத பிள்ளைகளுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் என்ற அளவில் ஆறு புள்ளியாவது இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். கண்மணியைச் சுற்றிய வண்ணப் பகுதியில் சின்னச் சின்னப் புடைப்புகள். தோலில் மெத்தென்ற உருண்டைகள். இவற்றில் இரண்டு பொருந்தினால் போதும் என்று 1987-இல் வகுத்த விதிகளை 2021-இல் திருத்தி, மரபணுப் பரிசோதனையையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் வகை என்று முன்பு சொன்னது காது நரம்பில் கட்டி வரும் வேறு நோய். அதற்கு 2022-இல் பெயரையே மாற்றிவிட்டார்கள். நான் பேசப்போவது முதல் வகையை மட்டும்.

இந்தக் கட்டிகள் நரம்பிலிருந்துதான் வருகின்றன என்று 1882-இல் எழுதிக் காட்டியவர் ஃபிரெட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹௌசன், ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த நோய்க்குறியியல் பேராசிரியர். பழைய புத்தகங்களில் நோய்க்கே அவர் பெயர்தான். கல்லீரல் முதலிய உறுப்புகளில் இரும்பு படியும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற நோய்க்கு 1889-இல் அந்தப் பெயரை வைத்தவரும் இதே ஆள்தான். அது முற்றிலும் வேறு நோய். ஆனாலும் கல்லீரலை அறுத்துப் பார்த்துப் பழகிய ஒருவர் பெயரில் இருந்த நோய், நம்மூரில் தோல் நோயாக மட்டுமே தெரிந்திருக்கிறது. எனக்கு இது வேடிக்கையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

தோல் நோய் என்று ஆகிவிட்டதால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அண்ணன் முழுக்கைச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தான் வரை மாட்டியிருப்பார். சலூனில் "தொத்திக்குமா சார்?" என்று கேட்பார்கள். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல எழுந்து போவார். தொற்றாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? மூடிக்கொள்வதே சுலபம் என்று பழகிவிட்டார். டாக்டரிடம் போனாலும் சட்டையோடுதான் படுப்பார். அவர்களும் சட்டைக்கு மேலேயே வயிற்றை அமுக்கிப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் எத்தனையோ பேரைப் பார்த்தும், ஒரு சீட்டில்கூட என்.எஃப். என்று எழுதப்படவில்லை. அது தோல் டாக்டர் ஃபைலில் தனியாகக் கிடந்தது.

காமாலை வந்தபோது முதலில் அரிப்புதான். கண் மஞ்சளிக்கும் முன்பே, ராத்திரி தூங்க முடியாமல் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சொறிந்துகொண்டிருந்தார். தோல் வியாதிக்காரருக்கு அரிப்பு வந்தால் வீட்டில் யார் கல்லீரலை நினைப்பார்கள்? களிம்பு வாங்கித் தடவினோம். அப்புறம் சிறுநீர் அடர் பழுப்பாகப் போனது. மலம் வெளுத்துப் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்? நம் வீடுகளில் யாரும் அதைக் கேட்பதில்லை.

இந்த மூன்றும் சேர்ந்தால் அர்த்தமே வேறு. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. மலத்துக்கு அதன் இயல்பான நிறம் வருவதே அந்தப் பித்தநீரில் இருக்கும் பிலிருபினால்தான். வழியில் அடைப்பு ஏற்பட்டால் பிலிருபின் குடலுக்குப் போகாது, அதனால் மலம் வெளுக்கும். ரத்தத்தில் தேங்கிய பிலிருபின் சிறுநீரில் இறங்கும், அது கறுக்கும். பித்த உப்புகள் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கும்போது அரிப்பு பிடுங்கும். வைரஸ் காமாலையிலும் சிறுநீர் மஞ்சளாகத்தான் போகும். ஆனால் மலம் களிமண் நிறத்துக்கு வந்து அப்படியே நிலைத்து, அரிப்பும் சேர்ந்துகொண்டால் அடைப்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை. "கல்யாண வீட்டுல சாப்பிட்டாரா? தண்ணி மாத்திக் குடிச்சாரா?" சாப்பிட்டார்தான், யார் சாப்பிடவில்லை? வைரஸ் பரிசோதனைகள் எடுத்தார்கள், எல்லாமே இல்லை என்று வந்தது. "சிலது டெஸ்டுல தெரியாதும்மா" என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றி, கல்லீரலுக்கு ஒரு சிரப் கொடுத்து, வாரம் ஒருமுறை பிலிருபின் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். பிலிருபின் ஏறிக்கொண்டே போனது. வாரங்கள் ஓடின.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டிலேயே விடை இருந்தது. பொதுப் பித்தநாளம் விரிந்திருக்கிறது, குடல் வாயுவால் அதன் கீழ்முனை தெரியவில்லை என்று ஒரு வரி. அந்த நாளம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அண்ணனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் விரிந்திருந்தது. வைரஸ் வந்தால் குழாய் விரியாது. கீழே எங்கோ அடைத்தால்தான் மேலே விரியும். கல்லீரல் ரத்தப் பரிசோதனையிலும் அதே கதைதான்: வைரஸில் ஆயிரக்கணக்கில் ஏறக்கூடிய எஸ்.ஜி.பி.டி. அவருக்குக் கொஞ்சம்தான் ஏறியிருந்தது, அடைப்பில் ஏறும் அல்கலைன் பாஸ்படேஸும் ஜி.ஜி.டி.யும் பல மடங்கு. நேரடி பிலிருபின்தான் மொத்தத்தில் பெரும்பகுதி. இந்த நான்கு வரியைச் சேர்த்துப் படிக்க ஒரு டாக்டருக்கு ஐந்து நிமிடம் போதும். ரிப்போர்ட்டின் கடைசியில் இருக்கும் முடிவுரையை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கும் பழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை.

நடுவில் கீழாநெல்லி. பெரியப்பா தினமும் காலையில் பறித்து, அரைத்து, ஆட்டுப்பாலில் கலந்து கொண்டுவந்துவிடுவார். உப்பில்லை, புளியில்லை, எண்ணெய் இல்லை. நான் கீழாநெல்லியைக் கேலி செய்யப் போவதில்லை. 1988-இல் சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 'லான்செட்' இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. சரி, பலன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது வைரஸுக்கு. குழாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் கட்டியை எந்த இலையும் நகர்த்தாது. வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் என்பதால் கீழாநெல்லிக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. அடைப்புக் காமாலைக்காரர் அதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்தான். "நான் குடுத்தது தப்பா பாப்பா?" என்று பெரியப்பா பிறகு என்னிடம் கேட்டார். பாசத்தில் கொடுத்ததைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

ஒரு ராத்திரி உடம்பு தூக்கிப் போட்டுக் குளிரும் காய்ச்சலும் வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலி. காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் சேர்ந்தால் தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். 1877-இலேயே ஷார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தது. சில மணி நேரத்தில் ரத்தத்தில் கிருமி பரவி ஆளை முடித்துவிடக்கூடிய நிலை அது. எங்களுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. பயத்தில் ஆம்புலன்ஸ் பிடித்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே டியூட்டியில் இருந்தது சின்னப் பெண், மேற்படிப்பு மாணவி. முகத்தில் தூக்கமே இல்லை. "ஐயா, சட்டையைக் கழட்டுங்க" என்றார். அண்ணன் தயங்கினார். "பரவாயில்லைங்க, நான் பார்க்கணும்" என்று அவரே பொத்தானைக் கழற்றினார். முதுகைப் பார்த்தார், கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். "இந்தப் புள்ளி சின்ன வயசுலேர்ந்தே இருக்கா? வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?" அண்ணன் முதல் கேள்விக்கு ஆமென்றும் இரண்டாவதற்கு இல்லையென்றும் தலையாட்டினார். அந்தப் பெண் உடனே வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். பேச்சில் ஆம்புல்லா என்ற சொல்லை முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆம்புல்லா என்பது பித்தநாளமும் கணையநாளமும் சேர்ந்து முன்சிறுகுடலுக்குள் திறக்கிற இடம். 1720-இல் அதை விவரித்த ஆப்ரஹாம் வாட்டர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளரின் பெயரில் வழங்குகிறது. சின்னப் புடைப்புதான். என்.எஃப். 1 உள்ளவர்களுக்கு வயிற்றில் கட்டி வந்தால் இந்த இடத்தையும் அதைச் சுற்றிய பகுதியையும் தேடிப்பிடித்து வருகிற பழக்கம் ஒன்று உண்டு. சாதாரணமாக மிக அரிதான ஒரு வகைக் கட்டி, சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டி, இவர்களுக்கு இங்கே வருகிறது. அந்த ஹார்மோன் நிறையச் சுரந்தால் சர்க்கரை நோய், பித்தப்பைக் கல், கொழுப்புப் போக்கு எல்லாம் வரும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். என்.எஃப். நோயாளிகளுக்கு வரும் முன்சிறுகுடல் கட்டிகளில் அந்த அறிகுறிகள் பெரும்பாலும் தெரிவதில்லை. வழியை அடைப்பதால்தான் வெளியே தெரிகிறது: காமாலை, அல்லது கணைய அழற்சி, அல்லது உள்ளே ரத்தக் கசிவால் சோகை.

இங்கே இன்னொரு சிக்கல். சாதாரண எண்டோஸ்கோப்பி கருவியின் கேமரா நேர் எதிரே பார்க்கும். ஆம்புல்லா குடலின் பக்கச் சுவரில் இருக்கிறது. அதனால் எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்தாலும் ஆம்புல்லாவைப் பார்த்தாயிற்று என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் பார்க்கும் கருவி வேண்டும். குழாய்க்குள் போய் அடைப்பைத் திறக்கும் ஈ.ஆர்.சி.பி. முறையைச் செய்வதும் அந்தக் கருவியால்தான். அல்லது எண்டோஸ்கோப்பி முனையில் ஸ்கேன் பொருத்திய கருவி. குழாய்களின் முழு வரைபடம் வேண்டுமென்றால் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதில் வாய்க்குள் எதையும் விட வேண்டியதில்லை.

அண்ணனுக்கு முதலில் ஆன்டிபயாட்டிக், வைட்டமின் கே ஊசி. பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும், கத்தி வைப்பது ஆபத்து. அதற்காக அந்த ஊசி. அடுத்து ஈ.ஆர்.சி.பி.யில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து வழி திறந்தார்கள். அன்றே சதையும் எடுத்து அனுப்பினார்கள். ஸ்டென்ட் வைத்த மறுநாள் அண்ணன் நன்றாகத் தூங்கினார். அரிப்பு குறைந்ததுதான் அவருக்குப் பெரிய விஷயம். நோய் என்னவென்று பிறகுதான் கேட்டார். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பிளாஸ்டிக் ஸ்டென்ட் நிரந்தரமில்லை. மூன்று மாதத்துக்குள் மாற்றவோ எடுக்கவோ வேண்டும். நன்றாகிவிட்டதே என்று ஊருக்குப் போய் மறந்துவிடுகிறவர்கள் மறுபடியும் குளிர் காய்ச்சலோடு வந்து நிற்பார்கள்.

ஆம்புல்லாவில் இருந்த கட்டியை எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் ஒரு பரிசோதனை எழுதினார். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து மெட்டனெஃப்ரின் பார்க்க வேண்டும். காமாலைக்கு எதற்கு இது என்று நான் முனகினேன். என்.எஃப். 1 உள்ளவர்களில் நூற்றில் சிலருக்கு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருக்கலாம். பேசாமல் கிடக்கும், அதைப் பிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை. மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைத்த கணத்தில் ரத்த அழுத்தம் 250-க்கு மேல் எகிறி, மேசையிலேயே உயிர் போகலாம். சர்ஜன் அதைச் சொன்ன தொனியிலேயே எனக்கு வாய் அடைத்துவிட்டது. வாந்திக்குச் சர்வசாதாரணமாகப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசிகூட அந்தக் கட்டி உள்ளவருக்கு ஆபத்து. காமாலைக்காரர் வாந்தி எடுக்காமல் இருப்பாரா? எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் போடுவது அந்த ஊசிதானே! அண்ணனுக்கு அந்தக் கட்டி இல்லை என்று வந்தது. ரத்தக் கொதிப்பு உள்ள என்.எஃப். நோயாளிக்குச் சிறுநீரக ரத்தக் குழாய்ச் சுருக்கமும் காரணமாக இருக்கலாம் என்பதால் அதையும் பார்த்தார்கள், அதுவும் இல்லை.

கட்டி சிறியதாக, மேலோட்டமாக இருந்தால் ஆம்புல்லாவை மட்டும் வெட்டி எடுத்தாலே போதும். அண்ணனுக்குப் பக்கத்து நிணநீர்க் கணுவும் வீங்கியிருந்ததால் விப்பிள் ஆபரேஷன் செய்தார்கள். நியூயார்க்கில் ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட முறை. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் சிறுகுடலோடு தனித்தனியே இணைப்பது. பெரிய ஆபரேஷன். நிறையச் செய்து பழகிய இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். நம் ஊரில் அதற்குப் பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிதான் கதி என்று நினைக்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் குடல்-கல்லீரல் அறுவைக்கென்றே தனித் துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் கல்லீரல் துறையும் மரபியல் துறையும் இருக்கின்றன.

உள்ளே திறந்தபோது இன்னொன்றும் கிடைத்தது. சிறுகுடலின் மேல்பகுதியில் பட்டாணி அளவில் சில முடிச்சுகள். ஜிஸ்ட் என்று வந்தது, குடல் சுவரிலிருந்து வரும் ஒரு வகைக் கட்டி. என்.எஃப். 1-இல் இவை சிறுகுடலில், ஒன்றுக்கு மேற்பட்டதாக வருவது வழக்கம் என்றார்கள். ஜிஸ்ட் என்றதும் எல்லோரும் இமாட்டினிப் மாத்திரையைத்தான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அந்த மாத்திரை குறிவைக்கும் மரபணு மாற்றம் என்.எஃப். நோயாளிகளின் ஜிஸ்ட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை, அதனால் பலனும் இல்லை. "இதுக்கு மாத்திரை வேண்டாம், எடுத்தாச்சு, வருஷாவருஷம் பார்த்துக்கலாம்" என்றார் சர்ஜன். கல்லீரலையும் பதம் பார்க்கக்கூடிய மருந்து அது. தேவையில்லாமல் எழுதாமல் விட்டதற்கே அவரைக் கும்பிட வேண்டும்.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். சாப்பாட்டோடு கணைய நொதி மாத்திரை, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் சர்க்கரை, வருஷத்துக்கொரு ஸ்கேன். எடை முழுக்கத் திரும்பவில்லை. சட்டை பழைய முழுக்கைதான்.

இதுவரை சொன்னது குழாயின் கீழ்முனைக் கதை. மேல்முனையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அண்ணனுக்கு அது இல்லை, ஆனால் தேடிப் படித்தபோது இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

கல்லீரலுக்குள் நுழையும் ரத்தக் குழாய்களோடும் பித்தநாளத்தோடும் நரம்புகளும் சேர்ந்தே போகின்றன. கல்லீரல் வாயில் என்று சொல்லும் அந்த இடத்தில் எல்லாம் ஒரே கட்டாக நுழைகின்றன. என்.எஃப். 1-இல் வரும் பிளெக்ஸிஃபார்ம் என்ற வகைக் கட்டி ஓர் உருண்டையாக வராது. பந்தலில் பாகல்கொடி படர்வது போல நரம்பின் ஒவ்வொரு கிளையையும் பற்றிக்கொண்டு போகும். அது இந்தக் கட்டுக்குள் படர்ந்தால் போர்ட்டல் சிரையைச் சுற்றிக்கொண்டு கல்லீரலுக்குள்ளும், வெளியே குடல்தாங்கி வரைக்கும் பரவும். பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லாமல், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரியவரும். ஆபத்து அதற்குப் பிறகு நம் பக்கத்திலிருந்து வரலாம். சி.டி.யில் போர்ட்டல் சிரையைச் சுற்றி மங்கலாகத் தெரியும் இந்தப் படர்வு, நிணநீர்க்கணுப் புற்றுநோய் போலவும், வேறு இடத்திலிருந்து பரவிய புற்று போலவும், பித்தநாளப் புற்று போலவும் ஏமாற்றும். ஸ்கேன் எடுப்பவருக்கு என்.எஃப். என்று தெரியாவிட்டால் ரிப்போர்ட்டில் புற்று என்றே வரும். வீடு இடிந்து போகும். தெரிந்திருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஓரம் வெளுப்பாகவும் நடு கறுப்பாகவும் வட்டப் பலகை போலத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அது நரம்புக் கட்டிக்கு உரிய தோற்றம்.

அதற்காக எல்லாமே சாது என்றும் விட முடியாது. என்.எஃப். 1 உள்ளவர்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் என்றாவது நரம்புறையில் புற்று வருகிறது. பெரும்பாலும் பிளெக்ஸிஃபார்ம் கட்டியிலிருந்தே கிளம்புகிறது. கல்லீரலில் தோன்றுவது மிக அரிது. நிதானமாகக் கிடந்த கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, கெட்டிப்பட்டாலோ, ராத்திரியில் எழுப்புகிற புது வலி வந்தாலோ சும்மா இருக்கக் கூடாது. பெட் ஸ்கேனும் தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் அப்போதுதான்.

இந்தப் படர்வு பித்தநாளத்தை நெரித்தால் காமாலை. போர்ட்டல் சிரையை நெரித்தால் வேறு கதை: மண்ணீரல் வீங்கும், தட்டணுக்கள் குறையும், உணவுக்குழாயின் அடியில் சிரைகள் புடைத்து ஒரு நாள் ரத்த வாந்தி வரும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வருகிற அதே ரத்த வாந்திதான், ஆனால் இவர்களுடைய கல்லீரல் நன்றாகவே இருக்கும். ஒரு துளி குடிக்காத மனிதரைப் பார்த்து "உண்மையைச் சொல்லுங்க, எவ்வளவு குடிப்பீங்க?" என்று வார்டில் எல்லோர் முன்னாலும் கேட்பார்களே, அந்த அவமானம் தனி.

கத்தியால் இதை முழுக்க எடுப்பது கடினம். கட்டி ரத்தக் குழாய்களையே பின்னிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்டென்ட், அல்லது அடைப்பைத் தாண்டிக் குடலோடு இணைக்கும் மாற்றுவழி அறுவை. மருந்துப் பக்கம் சில ஆண்டுகளாக நல்ல செய்தி இருக்கிறது. அறுவை செய்ய முடியாத, தொந்தரவு தரும் பிளெக்ஸிஃபார்ம் கட்டிகளுக்கு, 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்காகச் செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. ஆய்வில் இருந்த 50 குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கட்டியின் கன அளவு ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. 2025 பிப்ரவரியில் மிர்டாமெட்டினிப் என்ற இன்னொரு மருந்து பெரியவர்களுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்டது. இவை கட்டியைச் சுருக்கும், மறைய வைக்காது. விலையைப் பற்றிப் பேசினால் இந்தப் பதிவு இன்றைக்கு முடியாது. கல்லீரல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு: செலுமெட்டினிப்பை உடம்பிலிருந்து அகற்றுவது கல்லீரல்தான். கல்லீரல் ஓரளவு பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். மருந்து தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வீட்டிலுள்ள என்.எஃப். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயிற்று ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். நான் சொன்னதெல்லாம் சிலருக்கு மட்டும் வருவது, அதுவும் பெரும்பாலும் நடுத்தர வயதுக்கு மேல். தொந்தரவே இல்லாதவருக்கு ஆண்டுதோறும் வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. ரத்த அழுத்தம் மட்டும் வருஷத்துக்கொரு முறை பார்க்க வேண்டும், குழந்தையாக இருந்தாலும். காரணமில்லாத சோகை, கறுத்த மலம், விட்டுவிட்டு வரும் மேல்வயிற்று வலி, தீராத அரிப்பு, வெளுத்த மலம் இவற்றில் ஏதாவது வந்தால்தான் குடல் மருத்துவரிடம் போக வேண்டும். கல்யாணம், குழந்தை என்று யோசிக்கும் வயதில் இருப்பவர்கள் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது.

என்னைக் கேட்டால், குற்றம் அரிய நோய் என்பதில் இல்லை. தோல் டாக்டர் வயிற்றைக் கேட்பதில்லை, வயிற்று டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை, நோயாளிக்கோ இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிவதில்லை. முதல் இரண்டையும் என்னால் மாற்ற முடியாது. மூன்றாவதை உங்களால் மாற்ற முடியும். ஒரு வெள்ளைத் தாளில் 'நியூரோஃபைப்ரோமாடோசிஸ் வகை 1' என்று பெரிதாக எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். அதற்குக் கீழே 'அறுவைக்கு முன் ஃபியோகுரோமோசைட்டோமா இல்லையென்று உறுதி செய்யவும்' என்று இன்னொரு வரி. ஸ்கேன் எடுக்கும் இடத்திலும், மயக்க மருந்து டாக்டரிடமும், வாந்திக்கு ஊசி போட வருகிற நர்ஸிடமும் அதையே வாயாலும் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள்.